மொட்டை மாடியில் டபிள்யூ.பி.சி. டெக்: வேலூர் வெயில் தாங்குமா?

அச்சகக்காரன் (வேலூர்) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். சத்துவாச்சாரியில் சொந்த வீடு, தரைத்தளம் மட்டும். மேலே மொட்டை மாடி. அதில் 24-க்கு 18 அடி இடம் சும்மா கிடக்கிறது. தட்டோடு பதித்த தளம், 2009-ல் கட்டியது, இதுவரை ஒழுகியதில்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் நாங்கள் குடும்பமாக உட்காருவது அங்கேதான். மகளுக்கு அடுத்த வருடம் நிச்சயதார்த்தம் வைக்கலாம் என்று பேச்சு. அதற்குள் மாடியை "கொஞ்சம் பார்க்கிற மாதிரி" ஆக்க வேண்டும் என்று வீட்டில் உத்தரவு.

ஒரு கடையில் டபிள்யூ.பி.சி. டெக் காட்டினார்கள். மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த பலகை. பார்க்க மரம் மாதிரியே இருக்கிறது. கரையான் வராது, பாலிஷ் வேண்டாம், மழையில் ஊறாது, "போட்டுட்டு மறந்துடுங்க சார்" என்கிறார். சதுர அடிக்கு 340 ரூபாய், ஃப்ரேமும் கூலியும் சேர்த்து. மொத்தம் கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம். கீழே அறை 10 டிகிரி குளிர்ந்துவிடும் என்றும் ஒரு போடு போட்டார்.

எங்கள் ஊர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கத்திரியில் மதியம் மாடிக்குத் துணி எடுக்கப் போனால் செருப்பில்லாமல் முடியாது. என் சந்தேகங்கள் இவை. பலகை வளையுமா? நிறம் போகுமா? வெறுங்காலில் நடக்க முடியுமா? (அம்மாவுக்கு 74 வயது, மாடியில் செருப்புப் போட மாட்டார். வடாம் காயப் போடும் இடமாம் அது.) ஃப்ரேமுக்காகத் தளத்தில் டிரில் போடுவோம் என்கிறார்கள், அது சரியா? கடைக்காரர் காட்டியது காபிப்பொடி நிறம், உள்ளே கூடு கூடாக ஓட்டை உள்ள பலகை.

இன்னொன்று: பக்கத்து வீட்டுக்காரர் மேற்கு பார்த்த முகப்பு முழுக்கப் புதிதாகக் கண்ணாடி வைத்திருக்கிறார். சாயங்காலம் அதிலிருந்து வெயில் திரும்பி எங்கள் மாடியில் அடிக்கிறது. அதனால் ஏதும் உண்டா என்று தெரியவில்லை.

நான் அச்சகத் தொழிலில் 26 வருடம். காகிதம் ஈரத்தில் நீளும், காய்ந்தால் சுருங்கும், அதை வைத்தே எங்கள் பிழைப்பு. இந்தப் பலகை எந்த ஜாதி என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மேடவாக்கம் மாடித்தோட்டம்:

நான் 2021-ல் போட்டேன். 220 சதுர அடி. நீங்கள் சொன்ன அதே காபிப்பொடி நிறம், அதே ஓட்டைப் பலகை. அதனால் என் கதையை முழுசாகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் கால். மே மாதம் பகல் 2 மணிக்கு ஏ.சி. சர்வீஸ் பண்ண வந்த பையனிடம் சூடு பார்க்கும் கன் இருந்தது. சும்மா அடித்துப் பார்க்கச் சொன்னேன். டெக் 66 டிகிரி. பக்கத்தில் வெள்ளை கூல் பெயிண்ட் அடித்த இடம் 45. நம்ம ஊர்க்காரர்கள் வீட்டில் செருப்புப் போடுவதில்லை. இந்தச் சாமானைக் கண்டுபிடித்த நாடுகளில் தோட்டத்து டெக்கில் ஷூவோடு நடப்பவர்கள் நிறைய, அவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. என் சின்னவள் முதல் கோடையில் துணி எடுக்க ஓடிப் போய் அழுதுகொண்டே திரும்பி வந்தாள். சூரியன் இறங்கினால் சீக்கிரம் ஆறிவிடுகிறது, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். கான்கிரீட் மாதிரி ராத்திரி பத்து மணி வரை கனன்றுகொண்டிருக்காது. ஆறரைக்கெல்லாம் உட்காரலாம்.

இரண்டாவது நிறம். எனக்குப் போட்டது மேல் பூச்சு இல்லாத பழைய ரகம். அதாவது மரத்தூள் கலவையே மேலே தெரியும். முதல் நாலைந்து மாதத்தில் காபிப்பொடி போய் பால் அதிகம் விட்ட காபி ஆனது. அப்புறம் அப்படியே நின்றுவிட்டது. இது பிளாஸ்டிக்தானே, கறை பிடிக்காது என்று நினைத்தேன். கார்த்திகைக்கு விளக்கு வைத்தோம். அகலிலிருந்து கசிந்த நல்லெண்ணெய் வட்டம் வட்டமாக இன்னும் இருக்கிறது. மேலே உள்ள மரத்தூள் எண்ணெயைக் குடித்துவிடுகிறது. ஒரு இடத்தில் விளக்கு கவிழ்ந்து கருகிய தடம் வேறு. இப்போது தீபத்துக்கு அடியில் எவர்சில்வர் தட்டு வைக்கிறேன். தீபாவளிக்கு டெக்கில் பட்டாசு கிடையவே கிடையாது, சங்குசக்கரம் ஒன்று போதும் பலகையை உருக்க.

இப்போது நாலு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் உறை சேர்த்தே வார்த்து வரும் ரகம் இருக்கிறது. "கோ எக்ஸ்ட்ரூஷன்" என்று கேளுங்கள். விலை கூட. ஆனால் நிறமும் கறையும் அதில்தான் தாங்கும். வாங்கும்போது வெட்டிய முனையைப் பாருங்கள். ஓரத்தில் தோல் மாதிரி தனியாக ஒரு படலம் தெரிந்தால் அது.

மூன்றாவதுதான் என் பெரிய அழுகை. மழைநீர் குழாயின் வாய் டெக்குக்கு அடியில் போய்விட்டது. போட்டவர் மூடியே விட்டார், நானும் கேட்கவில்லை. இடுக்கு வழியாக வேப்பிலை, மண், தொட்டிச் செடியிலிருந்து விழும் தேங்காய் நார் எல்லாம் கீழே போய்ச் சேர்ந்து, இரண்டு வருடத்தில் மெத்தை மாதிரி ஆகியிருக்கிறது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலன்று மாடியில் தண்ணீர் நின்றுவிட்டது. டெக்குக்கு மேலே ஒன்றும் தெரியவில்லை, கீழே குளம். ஃப்ரேமை உட்கார வைக்க அடித்திருந்த ஆங்கர் போல்ட் ஓட்டைகள் வழியாகப் படுக்கையறைக் கூரையில் இறங்கியது. ராத்திரி டார்ச் பிடித்துக்கொண்டு 11 பலகைகளைக் கழற்றினோம். கிளிப் போட்டு வரிசையாகக் கோத்திருப்பதால் நடுவில் ஒன்றை மட்டும் எடுக்க முடியாது. ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக வர வேண்டும். அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

பாலிஷ் இல்லை, கரையான் இல்லை, அது உண்மைதான். ஆனால் "மறந்துடுங்க" என்பது மேல் பக்கத்துக்கு மட்டும்.

---

பட்டறை (கோவை):

ஏனுங்க அச்சகம் அண்ணா, நான் 9 வருசமா இந்த வேலைதான் பண்றேன். மேடவாக்கம் அக்கா சொன்னதுல போட்டவன் பண்ண தப்புதான் முக்கால்வாசி. பலகை மேல பழி போட வேண்டாமுங்க.

உங்க காகிதக் கேள்விக்கு முதல்ல வந்துடறேன். மரம் ஈரத்துல குறுக்கால உப்பும், நீளத்துல அவ்வளவா அசையாது. இது நேரெதிர். ஈரம் பெருசா ஒண்ணும் பண்ணாது, சூட்டுல நீளவாக்குல நீளும். ஒன்பதரை அடிப் பலகை விடியக்காலையில 28 டிகிரில கிடக்குது, மதியம் 68 ஆகுதுன்னு வைங்க. 40 டிகிரி வித்தியாசத்துக்கு நாலு, அஞ்சு மில்லி நீளும். உங்க 24 அடிக்கு மூணு பலகை வரிசையா வந்தா மொத்தம் 12 மில்லி, அரை அங்குலம். கைப்பிடிச் சுவத்தோட இரண்டு பக்கமும் இறுக்கி அடிச்சா அந்த அரை அங்குலம் எங்க போகும்? மேலதான் கிளம்பும். பாம்பு படுத்த மாதிரி ஆயிடுமுங்க.

இதுல ஒரு சூட்சுமம் இருக்குது, நிறைய பேருக்குத் தெரியாது. எத்தனை மணிக்கு வெட்டுறீங்கங்கறது முக்கியம். காலையில ஆறரைக்கு வெட்டிப் போட்டா பலகை சுருங்கி இருக்கும், அப்ப மூட்டுல நல்லா இடம் விடணும். மத்தியானம் வெயில்ல கிடந்த பலகையை வெட்டினா அது ஏற்கெனவே முழு நீளத்துல இருக்குது, கொஞ்சமா இடம் விட்டாப் போதும். மத்தியானச் சூட்டுல 5 மில்லி விட்டுட்டுப் போயிட்டீங்கன்னா மார்கழி ராத்திரில பார்த்தா விரலே உள்ள போற மாதிரி சந்து தெரியும். நான் பசங்களுக்குச் சொல்றது: பலகையை ஒரு நாள் முழுக்க மாடியிலயே பிரிச்சுப் பரப்பி வைங்க, எல்லாம் ஒரே சூட்டுக்கு வரட்டும், அப்புறம் ரம்பத்தைத் தொடுங்க. பாதி நிழல்ல கிடந்தது, பாதி லாரில இருந்து இறங்கினதுன்னு கலந்து போட்டா மூட்டு ஒண்ணு சேந்து வராது. சுவத்துப் பக்கம் 10 மில்லியாவது விட்டு, அதை மறைக்க அலுமினிய எல் ஆங்கிள் வைங்க. அந்த ஆங்கிளைச் சுவத்துலயோ பலகையிலயோ ஒண்ணுலதான் அடிக்கணும், ரெண்டுலயும் அடிச்சா மறுபடியும் பூட்டிப் போட்ட மாதிரிதான்.

பலகை மேல ஸ்க்ரூ அடிக்க விடாதீங்க. பக்கவாட்டுப் பள்ளத்துல எஸ்.எஸ். (எவர்சில்வர்) கிளிப். பலகை அதுக்குள்ள வழுக்கிட்டுப் போகணும். பலகைக்கு ஒரு இடத்துல மட்டும், நடுவுல, ஒரு ஸ்க்ரூ போட்டு நிறுத்தினா ரெண்டு பக்கமும் சமமா நீளும். இல்லீன்னா நாளாவட்டத்துல எல்லாம் ஒரே பக்கமா நகர்ந்துடும்.

அடியில சட்டம் 12 அங்குலத்துக்கு ஒண்ணு. காசை மிச்சம் பண்ண 18, 20 அங்குலம்னு வைக்கறாங்க. குளிர் ஊர்ல தாங்கும், நம்ம வெயில்ல பிளாஸ்டிக் இளகும்போது நடுவுல தொட்டில் மாதிரி இறங்கிடும். மேல பூந்தொட்டி வேற வச்சீங்கன்னா இறங்கினது இறங்கினதுதான், திரும்ப ஏறாது. டபிள்யூ.பி.சி. சட்டமே கொடுப்பாங்க, வேண்டாமுங்க. ஜி.ஐ. பாக்ஸ் (துத்தநாகம் பூசின இரும்புச் சதுரக் குழாய்) இல்லீன்னா அலுமினியம். வேலூர்ல கடல் காத்து இல்லாததால ஜி.ஐ. போதும். வெட்டின இடம், வெல்டு வச்ச இடம் ரெண்டுலயும் துத்தநாகம் போயிருக்கும், அங்கெல்லாம் ஜிங்க் பெயிண்ட் அடிச்சுட்டுத்தான் பலகை ஏத்தணும். மூடிட்டா யாரும் பார்க்க மாட்டாங்கன்னு விட்டுடுவானுங்க.

டிரில்: கூடவே கூடாது. தட்டோடுக்குக் கீழ சுண்ணாம்பு ஜல்லி, அதுல ஓட்டை போட்டா அக்கா வீட்டுக் கதைதான். சட்டத்துக்கு அடியில அரை அடிக்கு அரை அடி ரப்பர் பேட் வச்சு, அது மேல உசரம் கூட்டிக் குறைக்கிற பெடஸ்டல் வைங்க. ஃப்ரேம் முழுக்க ஒண்ணோட ஒண்ணு சேர்ந்திருந்தா அது பாட்டுக்கு உக்காந்துக்கும், எங்கயும் ஓடாது.

---

ரிட்டையர்ட் சிவில்:

கோவைத் தம்பி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சட்டங்கள் தண்ணீர் ஓடும் திசையிலேயே போக வேண்டும். குறுக்கே போட்டால் ஒவ்வொரு சட்டமும் ஒரு சின்ன அணை. ரசமட்டம் வைத்துப் பார்த்தால் 24 அடியில் உங்கள் தளம் இரண்டரை, மூன்று அங்குலம் சரிந்திருக்கும். அந்தச் சரிவைக் கெடுக்காமல் பெடஸ்டல் உயரத்தில்தான் டெக்கைச் சமன் செய்ய வேண்டும். தளத்தின் மேல் சிமென்ட் போட்டு மட்டம் பண்ணித் தருகிறேன் என்று எவனாவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

2003-லிருந்து தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம், 2009-ல் கட்டிய உங்கள் வீட்டிலும் மாடிக் குழாய் சம்புக்கோ கிணற்றுக்கோ போகும். அதன் வாய்க்கு மேலே இரண்டடிக்கு இரண்டடி தனிச் சட்டத்தில் தூக்கி எடுக்கும் மூடியாகச் செய்யுங்கள். ஐப்பசி பிறப்பதற்கு முன் ஒரு தடவை, நடுவில் ஒரு தடவை கையை விட்டு அள்ளுங்கள்.

பாரம் பற்றிப் பயம் வேண்டாம். ஆட்கள் நடமாடும் மாடிக்கு இந்தியத் தரவிதி ஐ.எஸ். 875 கணக்கில் சதுர மீட்டருக்கு 150 கிலோ எடுத்துத்தான் டிசைன் செய்வோம். ஓட்டைப் பலகையும் ஃப்ரேமும் சேர்ந்து 25, 30 கிலோவைத் தாண்டாது. உங்கள் வீட்டம்மா வைக்கப் போகும் சிமென்ட் தொட்டிகளைத்தான் கவனிக்க வேண்டும்.

அறை 10 டிகிரி குளிரும் என்பது கடைக்காரர் கணக்கு. தளத்தில் நேர் வெயில் படாமல், இடையில் காற்று ஓடினால் கீழே சூடு குறையும், அது சரி. அந்த வேலையைச் செய்வது நிழல். பந்தல் போட்டாலும் அதேதான் நடக்கும். என்னைக் கேட்டால் வெள்ளை கூல் டைல் பதித்துவிட்டு மிச்சப் பணத்துக்கு நல்ல ஊஞ்சல் வாங்குவேன். ஆனால் நிச்சயதார்த்த ஃபோட்டோவில் வெள்ளை டைல் எடுபடாது என்று உங்கள் வீட்டில் சொல்வார்கள்.

---

கானல் (ஷார்ஜா):

மற்றதை எல்லாரும் சொல்லிட்டாங்க. அந்தக் கண்ணாடி விஷயத்தை யாரும் கவனிக்கலையேன்னு எழுதுறேன். இங்கே எங்க வில்லாவுல எதிர் வீட்டு ஜன்னல் கண்ணாடி வெயிலைத் திருப்பி அடிச்சு டெக்ல ஒரு கோடு மாதிரி பலகை உருகிக் கோணிப் போச்சு. சூட்டை உள்ளே விடாம வெளியே தள்ளுற ரகக் கண்ணாடி. அது லேசா உள்பக்கம் குழிஞ்சா, குழி ஆடி மாதிரி வெயிலை ஒரே இடத்துல குவிக்குது. நேர் வெயிலை விட அங்கே சூடு ரொம்ப அதிகம். வாரண்டி கேட்டுப் போனேன், பிரதிபலிச்ச வெயிலால வந்த சேதத்துக்குப் பொறுப்பில்லைன்னு தாள்லயே சின்ன எழுத்துல போட்டிருக்கு. வாங்கறதுக்கு முன்னாடி அந்தத் தாளைப் படிங்க.

சாயங்காலம் நாலரைக்கு மேல அந்த வெளிச்சம் உங்க மாடியில எங்கே விழுதுன்னு சாக்பீஸால கோடு போட்டு வைங்க. பங்குனில ஒரு தடவை, ஆனில ஒரு தடவை. இடம் மாறும். அந்த இடத்துல டெக் வேண்டாம், தொட்டி வைங்க. அல்லது நடுவுல கொடி ஏத்திடுங்க.

அப்புறம், ரப்பர் அடி வச்ச கால்மிதி போடாதீங்க. அது இருந்த இடம் மட்டும் வேற நிறமாயிடும்.

---

அச்சகக்காரன் (வேலூர்):

எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும், இடையில் கல்யாணப் பத்திரிகை சீசன்.

கடையில் மூன்று துண்டு சாம்பிள் வாங்கி வந்தேன், ஒவ்வொன்றும் ஒரு முழம். காபிப்பொடி நிறம் ஓட்டைப் பலகை, உறை போட்ட வெளிர் சாம்பல், அதே சாம்பலில் கெட்டிப் பலகை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மாடியில் வைத்துவிட்டு, பகல் 2 மணிக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவுக்குக் கன், டிகிரி எல்லாம் தேவையில்லை. காபிப்பொடியில் கால் வைத்து "முருகா" என்று சொல்லி முடிப்பதற்குள் காலை எடுத்துவிட்டார். சாம்பலில் நாலு முருகா. தட்டோட்டில் ஐந்து. அதாவது வெளிர் நிறம் எடுத்தாலும் இருக்கிற தட்டோட்டை விடச் சூடுதான். அப்புறம் மூன்றையும் செடிக்குக் கட்டியிருந்த பச்சை வலைக்கு அடியில் தள்ளி வைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தோம். அங்கே காபிப்பொடி, சாம்பல் எல்லாம் ஒன்றுதான். நின்றுகொண்டே என் மனைவியைப் பற்றி ஒரு புகார் சொல்லி முடித்தார். அவ்வளவு நேரம் தாங்குகிறது.

இன்னொரு காரியமும் செய்தேன். மூன்று துண்டிலும் ஒரு சொட்டு நல்லெண்ணெய், ஒரு சொட்டு மஞ்சள் கரைத்த தண்ணீர் விட்டு ஒரு ராத்திரி விட்டேன். உறை இல்லாததில் இரண்டும் தங்கிவிட்டன. உறை போட்டதில் எண்ணெய் சோப்புத் தண்ணீரில் போனது, மஞ்சள் லேசாக நிழல் மாதிரி தெரிந்தது, நாலு நாள் வெயிலில் அதுவும் காணோம்.

ஆகவே திட்டம் மாறிவிட்டது. 432 சதுர அடி இல்லை. கிழக்கு மூலையில், மாடிப்படி அறையின் நிழல் மூன்று மணிக்கு மேல் விழும் இடத்தில், 14-க்கு 12 மட்டும். மேலே ஜி.ஐ. குழாயில் பந்தல், வலையோ கீற்றோ இன்னும் முடிவாகவில்லை. பலகை உறை போட்ட சாம்பல். 14 அடி என்பதால் ஒரு மூட்டுதான் வரும். வடாம் பகுதி தட்டோடாகவே இருக்கும், அதில் பேச்சுவார்த்தைக்கு இடமில்லை என்று சொல்லப்பட்டது. கண்ணாடி வெளிச்சம் விழும் இடத்துக்குச் சாக்பீஸ் கோடு போட்டுவிட்டேன், புதுத் திட்டத்தில் அது ஆறடி தள்ளியே இருக்கிறது. ஆனியிலும் பார்க்கிறேன்.

கடைக்காரரிடம் டிரில் கூடாது, 12 அங்குலச் சட்டம், தூக்கும் மூடி என்றதும் விலை சதுர அடிக்கு 410 ஆகிவிட்டது. "சார் நீங்க எங்கயோ படிச்சுட்டு வந்திருக்கீங்க" என்றார். கோவைத் தம்பி, இந்த விலை நியாயமா? அவர் ஆட்கள் காலை பதினொரு மணிக்கு முன்னால் வர மாட்டார்களாம்.

---

பட்டறை (கோவை):

உறை போட்ட பலகை, பெடஸ்டல், சின்ன இடம் எல்லாம் சேர்த்தா 410 கொடுக்கலாமுங்க. சின்ன வேலைக்குச் சதுர அடிக் கூலி எப்பவும் கூடத்தான் வரும். பதினொரு மணிக்கே வரட்டும், பரவாயில்லை. முதல்ல பந்தலைப் போடச் சொல்லுங்க, அப்புறம் அந்த நிழல்லயே பலகையைப் பரப்பி வெட்டட்டும். மூட்டுக்கு 4 மில்லி. தகடு எதுவும் கிடைக்கலீன்னா உங்க அச்சகத்துல அட்டை இருக்குமில்ல, 4 மில்லிக்கு அடுக்கி ஒட்டி நீங்களே கையில வச்சுட்டு நில்லுங்க.

பந்தலுக்குக் கால் ஊன்ற அவங்க தளத்துல டிரில் போடப் பார்ப்பாங்க. கைப்பிடிச் சுவத்துல பக்கவாட்டுல கிளாம்ப் அடிக்கச் சொல்லுங்க.

---

மேடவாக்கம் மாடித்தோட்டம்:

மாடிப்படி அறையை ஒட்டிப் போடுகிறீர்கள் என்றால் கதவு திறக்கிற உயரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெடஸ்டல், சட்டம், பலகை சேர்ந்து நாலு, ஐந்து அங்குலம் ஏறும். எங்கள் வீட்டுக் கதவின் அடியை ஆசாரியைக் கூப்பிட்டு அறுத்தோம். இப்போது அந்த இடுக்கு வழியாக மழைக்காலத்தில் தவளை வருகிறது.

---

அச்சகக்காரன் (வேலூர்):

இப்போதுதான் டேப்பை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். கதவுக்கும் தளத்துக்கும் இடையில் மூன்றரை அங்குலம்தான் இருக்கிறது. டெக்கைக் கதவிலிருந்து மூன்றடி தள்ளித்தான் ஆரம்பிக்க வேண்டும். கடைக்காரருக்கு ஃபோன் போடுகிறேன்.